‘ஒண்ணுமே செய்யலை, தானா ஆயிடுச்சு’: கீபோர்டு செய்யும் குழப்பமும் அதை அவிழ்க்கும் கீகளும்

அலுவலகத்தில் ‘சிஸ்டம் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்’ என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், சொந்த வேலையை விட்டுவிட்டு இருக்கை இருக்கையாகப் போக வேண்டியிருக்கும். போய் நின்று “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “ஒண்ணுமே செய்யலை சார், தானா ஆயிடுச்சு.”

அவர் சொல்வது ஒரு வகையில் உண்மை. தெரிந்து எதுவும் செய்யவில்லை. கண்ட்ரோலுக்குப் போன விரல் பக்கத்திலிருந்த விண்டோஸ் கீயையும் சேர்த்துத் தட்டியிருக்கும். கீபோர்டு மேல் வைத்த ஃபைல் ஏதோ ஒரு கீயை அழுத்திக்கொண்டே கிடந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் கட்டளைதான். சொன்னதைச் செய்துவிட்டு நிற்கிறது. இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவை பழுதே இல்லை, யாரும் கேட்காமல் நடந்துவிட்ட ஷார்ட்கட். எந்த ஷார்ட்கட் என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் அதே கீ திரும்ப சரிசெய்துவிடும். மறுநாளிலிருந்து அது வேலையைச் சுருக்கும் கீயாகவும் ஆகிவிடும். ஷார்ட்கட் பட்டியலைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தவர்களைவிட, இப்படி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்குத்தான் அவை மறப்பதில்லை.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ‘டி’ என்று எழுதினால் எந்த டி என்று குழப்பம் வரும் என்பதால் ‘டெஸ்க்டாப் டி’, ‘டேபிள் டி’ என்று பிரித்தே சொல்கிறேன். அதேபோல் ‘பிரின்ட் பி’, ‘போல்டு பி’.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விஷயம். எஸ்கேப் கீயை இரண்டு முறை தட்டுங்கள். பாதி திறந்த மெனு, பாதியில் நின்ற எடிட் எல்லாம் அதிலேயே விலகும். அடுத்து, விண்டோவின் அடியில் இருக்கும் ஸ்டேட்டஸ் பாரைப் படியுங்கள். எக்செல் தன் நிலைமையை அங்கேதான் எழுதி வைக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவது, கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் கண்ட்ரோல் + இசட். ரீஸ்டார்ட் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

எழுத்து அடித்தால் எழுத்து வராமல் ஏதேதோ திறக்கிறது

‘இ’ அடித்தால் ஃபோல்டர் விண்டோ வருகிறது, ‘எல்’ அடித்தால் திரை பூட்டிக்கொள்கிறது, ‘ஆர்’ அடித்தால் ரன் பெட்டி வருகிறது. இது வைரஸ் இல்லை. விண்டோஸ் கீ அழுத்தப்பட்டபடியே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது வேறோர் இடத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்கி, வேலை பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: அங்கே கீயை அழுத்தி, இங்கே வந்து விட்டால், ‘விட்டாயிற்று’ என்ற தகவல் ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேராது.

தீர்வு எளிது. இடது, வலது என்று இரு பக்கத்து கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், கூடவே விண்டோஸ் கீ, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒருமுறை அழுத்தி விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்திவிட்டு ‘சரியாகலையே’ என்று நிற்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டருக்கு வலது கண்ட்ரோலும் இடது கண்ட்ரோலும் வேறு வேறு கீ.

அப்படியும் போகவில்லையென்றால் ஸ்டிக்கி கீஸைச் சந்தேகப்படுங்கள். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஒரு பெட்டி வந்து ‘ஆன் செய்யவா’ என்று கேட்கும். வேகமாக அடிப்பவர் அதைப் படிக்கும் முன்பே என்டரைத் தட்டியிருப்பார். அதன் பிறகு கண்ட்ரோலை ஒருமுறை தொட்டாலே அடுத்த எழுத்து ஷார்ட்கட்டாகப் போகும். ஒரே கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பெரிய வரம், மற்றவர்களுக்குத் தலைவலி. ஷிஃப்டை மறுபடி ஐந்து முறை தட்டினால் அணைந்துவிடும். திரும்ப வரவே கூடாது என்றால் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு; அங்கே இந்த ஷார்ட்கட்டை மட்டும் எடுத்துவிடலாம். விண்டோஸ் 10-இல் அந்தப் பகுதியின் பெயர் ‘ஈஸ் ஆஃப் ஆக்சஸ்’.

கீபோர்டே செத்துப்போனது போல இருக்கிறது

மெதுவாக, அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து வருகிறதா? வலது ஷிஃப்ட் எட்டு விநாடி அழுந்திக் கிடந்திருக்கிறது, ஃபில்டர் கீஸ் ஆன் ஆகியிருக்கிறது. அதே வலது ஷிஃப்டை மறுபடி எட்டு விநாடி பிடியுங்கள். புது கீபோர்டு வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

வலப்பக்கத்து எண்கள் மட்டும் வரவில்லை, கர்சர் ஓடுகிறது என்றால் ‘நம் லாக்’ (Num Lock) அணைந்திருக்கிறது. எஃப்2, எஃப்5 அழுத்தினால் சத்தம் கூடுகிறது குறைகிறது என்றால் எஃப்என் லாக். பல கீபோர்டுகளில் எஃப்என் + எஸ்கேப். விண்டோஸ் கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது கேமிங் கீபோர்டாக இருக்கும். விளையாட்டு நடுவே கை படக்கூடாது என்று அதைப் பூட்ட ஒரு வழி வைத்திருப்பார்கள், பூட்டு அடையாளம் உள்ள கீயைத் தேடுங்கள்.

மொழி தானாக மாறுகிறது, @ கேட்டால் மேற்கோள் குறி வருகிறது

தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி அடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் தொல்லை கட்டாயம் உண்டு. இடது ஆல்ட் + ஷிஃப்ட் மொழியை மாற்றும். விண்டோக்களுக்கிடையே பின்னோக்கிப் போக ஆல்ட் + ஷிஃப்ட் + டேப் அடிக்கிறோம். டேப் விழாமல் மற்ற இரண்டும் விழுந்தால் மொழி மாறிவிடும். மாறியது தெரியாமல் கடவுச்சொல்லை அடித்து, தவறு தவறு என்று வந்து, கடைசியில் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும். லாகின் திரையிலும் வலது கீழ் மூலையில் மொழிக்குறி இருக்கும். இரண்டாவது முறை தவறினாலே அங்கே கண்ணை ஓட்டுங்கள். மொழியை வேண்டுமென்றே மாற்ற விண்டோஸ் + ஸ்பேஸ் நல்லது, ஏனென்றால் எதற்கு மாறுகிறோம் என்று பட்டியலைக் காட்டிவிட்டு மாறும்.

ஷிஃப்ட் + 2 அடித்தால் @ வராமல் இரட்டை மேற்கோள் வருகிறதென்றால் பிரிட்டன் கீபோர்டு அமைப்பு உள்ளே புகுந்திருக்கிறது. மொழி செட்டிங்ஸில் அந்த அமைப்பையே நீக்கிவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்தது.

இன்னொன்று, தனியாகத் தமிழ் எழுதும் மென்பொருள் போட்டிருப்பவர்களுக்கு. என்எச்எம் ரைட்டர் போன்றவை ஆல்ட் + எண் கீகளைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். வேறு புரோகிராமில் அதே கீயை அழுத்தி, ஒன்றும் நடக்கவில்லையே என்று நிற்பவர் டாஸ்க் பாரின் மூலையில் இருக்கும் அந்த ஐகானைக் கவனிக்க வேண்டும். மென்பொருளின் செட்டிங்ஸில் கீயை மாற்றிக்கொள்ளலாம்.

எக்செல்: கர்சர் நகரவில்லை, காலம் (column) காணவில்லை, கணக்கு மாறவில்லை

அதிகமாகக் கூப்பிட்டு அனுப்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அம்புக்குறியை அழுத்தினால் செல் மாறாமல் மொத்த ஷீட்டும் நகர்கிறது: ஸ்க்ரோல் லாக். கீபோர்டில் அந்தக் கீயே இல்லையே என்பீர்கள். புதிய கீபோர்டுகள் பலவற்றில் இல்லைதான். விண்டோஸ் + கண்ட்ரோல் + ஓ அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். அதன் வலப்பக்கத்தில் ஸ்க்ரோல் லாக் பொத்தான் இருக்கும், மவுஸால் சொடுக்கி அணைத்துவிடலாம்.

அம்புக்குறியை அழுத்த அழுத்த செலெக்‌ஷன் வளர்ந்துகொண்டே போகிறது: எஃப்8 பட்டிருக்கிறது. ஸ்டேட்டஸ் பாரில் ‘எக்ஸ்டெண்ட் செலெக்‌ஷன்’ என்று எழுதியிருக்கும். எஸ்கேப் போதும். ஆனால் இந்த எஃப்8 நல்ல கீ. ஆயிரம் வரிசையை ஷிஃப்டைப் பிடித்தபடி செலெக்ட் செய்து விரல் வலிப்பவர்கள், எஃப்8 தட்டிவிட்டு கண்ட்ரோல் + கீழ் அம்பு அடித்துப் பாருங்கள்.

ஃபார்முலாவுக்குள் ஓர் எழுத்தைத் திருத்த அம்புக்குறியால் பின்னால் போனால், கர்சர் நகராமல் பக்கத்துச் செல்லின் முகவரி வந்து ஃபார்முலாவில் ஒட்டிக்கொள்கிறது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் பெட்டியில் இது இன்னும் கடுப்பேற்றும். எஃப்2 ஒருமுறை தட்டுங்கள். ஸ்டேட்டஸ் பாரில் ‘என்டர்’ என்றோ ‘பாயின்ட்’ என்றோ இருந்தது ‘எடிட்’ என்று மாறும்; இப்போது அம்புக்குறி ஃபார்முலாவுக்குள்ளேயே நகரும். எஃப்2 என்றால் செல்லைத் திறக்கும் கீ என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

எண்கள் எல்லாம் போய் ஃபார்முலாக்கள் தெரிகின்றன, காலங்கள் அகலமாகிவிட்டன. எண் 1-க்கு இடப்பக்கம், டேபுக்கு மேலே இருக்கும் கீயைக் கண்ட்ரோலோடு தொட்டிருக்கிறீர்கள். அதையே மறுபடி அழுத்துங்கள். இன்னொருவர் அனுப்பிய ஷீட்டில் எங்கே ஃபார்முலா இருக்கிறது, எங்கே கையால் எண்ணைப் போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரு காலமே காணாமல் போகிறது. இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரவுசரில் பக்கம் பெரிதாகவோ சிறிதாகவோ போனால் கண்ட்ரோல் + 0 அழுத்தி சரிசெய்யப் பழகியிருப்போம். அதே பழக்கத்தில் எக்செல்லில் அழுத்தினால் நாம் நிற்கும் காலம் மறைந்துவிடும். எழுத்து வரிசையில் இடையே ஒன்று விடுபட்டிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். உடனே கவனித்தால் கண்ட்ரோல் + இசட். நேரம் கழித்துக் கவனித்தால், மறைந்ததன் இரு பக்கத்துக் காலங்களையும் செலெக்ட் செய்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 0 அழுத்த வேண்டும் என்றுதான் எல்லாப் பட்டியலிலும் போட்டிருக்கிறார்கள். நம் கம்ப்யூட்டரில் அது வேலை செய்யாமல் போவது சகஜம். காரணம் எக்செல் இல்லை: விண்டோஸ் அந்தக் கூட்டணியைக் கீபோர்டு மொழி மாற்றத்துக்காகத் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. கீ எக்செல்லுக்குப் போய்ச் சேரவே சேராது.

இரண்டு வழி. ஒன்று, ஆல்ட், எச், ஓ, யு, எல் என்று ஒவ்வொன்றாக, சேர்த்து அழுத்தாமல் வரிசையாகத் தட்டுவது; மேலே இருக்கும் மெனு பட்டையான ரிப்பனுக்குள் நடந்து போய் காலத்தைத் திறந்துவிடும். இன்னொன்று நிரந்தரம்: செட்டிங்ஸில் டைப்பிங் பகுதியில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ், அங்கே ‘சேஞ்ச் கீ சீக்வென்ஸ்’ திறந்து கீபோர்டு லேஅவுட் மாற்றும் கீயை ‘நாட் அசைன்டு’ என்று வைப்பது. வரிசை மறைந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. கண்ட்ரோல் + 9 மறைக்கும், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 9 திறக்கும்.

தொகையை மாற்றினாலும் மொத்தம் மாறவில்லை: கால்குலேஷன் மேனுவலில் இருக்கிறது. எஃப்9 அழுத்தினால் அப்போதைக்குக் கணக்கு போடும். இந்த அமைப்பு அன்றைக்கு முதலில் திறந்த ஃபைலிலிருந்து வந்து, அடுத்தடுத்துத் திறக்கும் ஃபைல்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் ‘நேற்று நன்றாகத்தானே இருந்தது’ என்று தோன்றும். ஃபார்முலாஸ் டேபில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸை ஆட்டோமேடிக் ஆக்கி, அந்த முதல் ஃபைலையும் அப்படியே சேமித்து வையுங்கள்.

திறந்து வைத்த எல்லாமே மறைந்துவிட்டது

பயப்படும் அளவுக்கு எதுவும் நடந்திருக்காது. டாஸ்க் பாரில் புரோகிராம்கள் தெரிகின்றன, திரை மட்டும் காலி என்றால் விண்டோஸ் + டெஸ்க்டாப் டி விழுந்திருக்கிறது. மறுபடி அதையே அழுத்தினால் எல்லாம் இருந்த இடத்துக்கு வரும். டாஸ்க் பாரும் காலியாகிவிட்டதென்றால் இடையில் கண்ட்ரோலும் சேர்ந்து புதிய டெஸ்க்டாப் ஒன்று முளைத்திருக்கும். விண்டோஸ் + டேப் அழுத்தினால் இரண்டும் தெரியும். விண்டோஸ் + கண்ட்ரோல் + இடது அம்பு பழையதற்குக் கொண்டுபோகும். தேவையில்லாத டெஸ்க்டாப்பில் நின்று விண்டோஸ் + கண்ட்ரோல் + எஃப்4 அழுத்தினால் அது மூடிக்கொள்ளும், உள்ளே இருந்தவை பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். மாதக் கடைசியில் கணக்கு ஒரு டெஸ்க்டாப், மெயிலும் மற்றதும் இன்னொரு டெஸ்க்டாப் என்று பிரித்து வைத்தால் கவனம் சிதறாது.

ஒரே ஒரு விண்டோ மட்டும் வர மறுக்கிறது, டாஸ்க் பாரில் இருக்கிறது, சொடுக்கினாலும் திரையில் இல்லை. புரொஜெக்டரையோ இரண்டாவது மானிட்டரையோ கழற்றிய பிறகு இப்படி ஆகும். விண்டோ இன்னும் அந்த இல்லாத திரையில் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ட் + டேப் மூலம் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு விண்டோஸ் + ஷிஃப்ட் + இடது அம்பு. அசையவில்லையென்றால் வலது அம்பு. அதற்கும் வராவிட்டால் பழைய முறை: ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு எம், பிறகு ஏதாவதொரு அம்புக்குறியை ஒருமுறை தட்டுங்கள். இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும், சொடுக்கி இறக்கிவிடலாம். எம் வேலை செய்யவில்லை என்றால் அந்த விண்டோ மாக்ஸிமைஸ் ஆகி இருக்கிறது என்று அர்த்தம். ஆல்ட் + ஸ்பேஸ், ஆர் அடித்து அதைச் சுருக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குருட்டாம்போக்கில் இழுப்பதால் முதல் தடவை நம்பிக்கையே வராது. வரிசை மாறாமல் செய்தால் வந்துவிடும்.

திரை தலைகீழ், திரை ராட்சத அளவு, திரை பேசுகிறது

தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திரும்பினால் கண்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு. இது பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் உள்ள கம்ப்யூட்டர்களின் வேலை. அங்கே இல்லையென்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை லாண்ட்ஸ்கேப் ஆக்குங்கள். எல்லாம் பூதாகரமாகத் தெரிந்து மவுஸோடு திரையும் ஓடினால் மாக்னிஃபையர். விண்டோஸ் + எஸ்கேப். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டத் தொடங்கினால் விண்டோஸ் + கண்ட்ரோல் + என்டர், நாரேட்டர் அடங்கும். கறுப்பு வெள்ளையாகிவிட்டால் விண்டோஸ் + கண்ட்ரோல் + சி. இன்னொரு மானிட்டரோ புரொஜெக்டரோ இணைத்திருக்கும்போது நம் திரை இருண்டால் விண்டோஸ் + பிரின்ட் பி அழுத்தி, முதலில் இருக்கும் ‘பிசி ஸ்க்ரீன் ஒன்லி’யைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபோல்டரைக் காணோம்

அழித்த ஞாபகம் இல்லை, ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. பெரும்பாலும் மவுஸ் வழுக்கிப் பக்கத்து ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டிருப்பீர்கள். கண்ட்ரோல் + இசட் வேர்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நகர்த்தியது, பெயர் மாற்றியது, டெலிட் செய்தது எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரும். ஷிஃப்ட் + டெலிட் கொடுத்தது மட்டும் வராது. பென் டிரைவிலிருந்தும் நெட்வொர்க் டிரைவிலிருந்தும் டெலிட் செய்தவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதே இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பிரவுசரும் வேர்டும், சுருக்கமாக

மூடிய டேபைத் திரும்பத் திறக்க கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டேபிள் டி. அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வரும். முகவரிப் பட்டையே இல்லையென்றால் எஃப்11. இணையப் பக்கத்துக்குள் கர்சர் மின்னுகிறதென்றால் எஃப்7. வேர்டில் அடிப்பதெல்லாம் வேறு நிறத்தில் அடிக்கோடோடு வந்தால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + இ, டிராக் சேஞ்சஸ் நிற்கும். இடையிடையே விசித்திரக் குறிகள் தெரிந்தால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8.

காப்பி செய்தது போய்விட்டது, ஒட்டினால் வேறு ஏதோ வருகிறது

ஒன்றைக் காப்பி செய்து ஒட்டும் முன் இன்னொன்றைக் காப்பி செய்தால் முதலாவது போயிற்று. விண்டோஸ் + வி அழுத்தி ஒரே ஒருமுறை ஹிஸ்டரியை ஆன் செய்துவிட்டால் அதற்குப் பிறகு காப்பி செய்யும் கடைசி 25 துண்டுகள் அங்கே நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் பின் குத்தி வைத்தவை மட்டும் மிஞ்சும். ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண் என்று தினமும் அடிப்பவற்றைப் பின் செய்து வைக்கலாம். கடவுச்சொல்லை வேண்டாம், அந்தப் பட்டியலை யார் திறந்தாலும் தெரியும்.

அலங்காரமில்லாமல் வெறும் எழுத்தாக ஒட்ட பல புரோகிராம்களில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. டிடிபி சென்டரிலிருந்து வந்த பழைய தமிழ் ஃபைலில் மட்டும் இது காலை வாரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துருவைக் கழற்றி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஃபைல் கெடவில்லை, கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் எங்கேயும் ஒட்டலாம்.

எதுவுமே அசையவில்லை

திரை கறுத்துப்போய் அல்லது உறைந்துபோய், ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதென்றால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ் + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + போல்டு பி அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம், ஒரு மின்னல், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை அப்படியே இருக்கும்.

ஒரு புரோகிராம் மட்டும் தொங்கினால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப், டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிடலாம். டாஸ்க் பாரே உறைந்திருந்தால் அதே பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. கறுப்பு நிறக் கமாண்ட் விண்டோ பாதியில் நின்றால், அதற்குள் சொடுக்கியதால் தலைப்பில் ‘செலெக்ட்’ என்று வந்திருக்கும். எஸ்கேப் தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

கடைசியில் கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட். 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்காக டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அமைத்த கூட்டணி இது. அப்போது அழுத்தினால் கம்ப்யூட்டர் நேராக ரீஸ்டார்ட் ஆகிவிடும். கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்று, ஒரு கையால் எட்டாதபடி கீகளைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு அப்போதே நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது. இன்று அது ஒரு தனித் திரையைக் காட்டும். வலது கீழ் மூலையில் இருக்கும் பவர் ஐகானைக் கண்ட்ரோலைப் பிடித்தபடி சொடுக்கினால் எமர்ஜென்சி ரீஸ்டார்ட் வரும். சேமிக்காத எதுவும் மிஞ்சாது என்று எச்சரித்துவிட்டு ஓகே கேட்கும். அந்தத் திரையும் வரவில்லையென்றால் பவர் பட்டனை, கம்ப்யூட்டர் அணையும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.